அரிப்புக் கடலை இனி நீங்கள் பாடுங்கள்
புலம்பெயர் நாடுகளில் மேற்கத்திய செவ்விசை பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

பரிஸிலும் லண்டனிலும் ஜெனீவாவிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு வயலினும் பியானோவும் குரலிசையும் படிக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் எந்த வாத்தியத்தை எடுத்திருந்தாலும் ஜோர்ஜ் பிஸே என்ற பிரெஞ்சு ஓபரா இசையமைப்பாளரைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். அவர் மறைந்து 2025இல் நூற்றைம்பது ஆண்டுகள் நிறைந்தன. அவருடைய ‘கார்மென்’ உங்களுக்கு மனப்பாடம். நான் பேச வந்தது அவர் இருபத்துநான்கு வயதில் எழுதிய ‘முத்துக் குளிப்போர்’ பற்றி. அந்தக் கதை நடப்பது இலங்கைக் கரையில். முத்துக்குப் பேர்போன இலங்கைக் கரை எதுவென்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மன்னார் என்பார்கள்.

இந்த ஓபராவைப் பற்றி உங்களில் பலரோடு பேசிப் பார்த்திருக்கிறேன். ஒரு சாராருக்கு அது வெட்கம். ‘வெள்ளைக்காரன் கட்டிய பொய்க் கதை, அதில் நமக்கு என்ன வேலை?’ என்று தள்ளிவிடுகிறீர்கள். இன்னொரு சாராருக்கு அது பெருமை. ‘நம் நாட்டுக் கதையை பிரெஞ்சுக்காரன் ஓபராவாகப் போட்டிருக்கிறான்’ என்று புலனத்தில் பகிர்ந்துவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறீர்கள். இரண்டிலும் எனக்கு மனக்குறை உண்டு. தள்ளுகிறவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, தூக்கிப் பிடிக்கிறவரும் பார்க்கவில்லை. எவருக்கு அதைத் திருத்திப் பாடும் தகுதி இருக்கிறதோ அவர்களே ஒதுங்கி நின்றால், அது இன்னும் நூறு ஆண்டுகள் பிழையோடுதான் பாடப்படும்.

முதலில் குற்றப்பட்டியலைப் படித்துவிடுவோம். அதை மறைத்துக்கொண்டு உங்களிடம் எதையும் கேட்க எனக்கு விருப்பமில்லை.

இந்த ஓபராவின் கதையையும் பாட்டு வரிகளையும் எழுதியவர்கள் எய்ஜேன் கோர்மோன், மிஷேல் கார்ரே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் முதலில் கதையை வைத்த இடம் மெக்சிக்கோ. பிறகு அதை அப்படியே தூக்கி இலங்கையில் இறக்கினார்கள். இடம் மாறியது, உடுப்பு மாறியது, கதை மாறவில்லை. மீனவத் தலைவன் பெயர் சுர்கா. அவன் நண்பன் நாதீர். பூசாரி நூராபாத். நாயகி லெய்லா. தமிழ்ப் பெயரும் இல்லை, சிங்களப் பெயரும் இல்லை. பாரசீகப் பக்கத்திலிருந்து கைக்கு வந்தவற்றை எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் வணங்குவது பிரம்மாவை. நம் ஊர்களில் பிரம்மாவுக்குக் கோயில் தேடுவது எவ்வளவு பாடு என்று உங்கள் அம்மம்மாவைக் கேளுங்கள். நண்பர்கள் இருவரும் லெய்லாவை முதன்முதலில் கண்டது கண்டியில் ஒரு கோயிலில் என்கிறது கதை. முத்துக்குளிக்கும் கரைக்கும் அந்த மலைநாட்டுத் தலைநகருக்கும் நடுவே கிடக்கிற தூரம் எழுதியவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இவையெல்லாம் சின்னக் குற்றங்கள். பெரிய குற்றம் வேறு. முத்துக் குளிப்போர் என்று பெயர் வைத்த ஓபராவில் ஒருவரும் முத்துக் குளிப்பதை நாம் காண்பதில்லை. ஆடுகிறார்கள், தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வேண்டுகிறார்கள், கோபப்படுகிறார்கள், பழிகேட்டுக் கூவுகிறார்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர் இல்லை, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் இல்லை, வள்ளத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, ஏலம் விடுகிற அதிகாரி இல்லை. கூலி என்ற பேச்சே இல்லை.

அந்தக் கரையில் உண்மையில் நடந்தது என்ன? வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன், கடல் அடங்கிக் கிடக்கிற சில வாரங்களில், அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்ற வெறும் மணற்பரப்புகளில் திடீரென்று ஒரு நகரம் முளைக்கும். தூத்துக்குடியிலிருந்து பரதவர் வருவார்கள், கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளியாளிகள் வருவார்கள், அரபு நாட்டிலிருந்தும் வருவார்கள். நள்ளிரவில் பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றில் வள்ளங்கள் புறப்படும். ஒரு வள்ளத்தில் அதன் தலைவனான தண்டலோடு சேர்த்து இருபதுக்கு மேற்பட்டோர் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேர் குளிப்பவர்கள். ஐவர் இறங்கினால் ஐவர் மூச்சு வாங்குவார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லோடு போய், ஒரு நிமிடமோ அதற்குச் சற்றுக் கூடவோ அங்கே நின்று, கூடையில் சிப்பியை அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அவர் கவனம் பிசகினால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. கடற்காற்று எழும் மதியத்தில் கரை திரும்பினால் அரசு தன் பெரும்பங்கைப் பிரித்து ஏலம் விடும். குளித்தவருக்குக் கிடைப்பது மிச்சத்தில் ஒரு பங்கு. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தைப் பிரிப்பார்கள். அந்த நாற்றத்தோடு வாந்திபேதியும் வரும், கூட்டம் சிதறும்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. லெய்லாவின் வேலை என்ன? கன்னியாகவே இருப்பதாகச் சத்தியம் செய்து, முக்காடிட்டுப் பாறைமேல் நின்று இரவெல்லாம் வேண்டி, கடலில் இருப்பவர்களைத் தீமையிலிருந்து காப்பது. அப்படி ஒருவர் மன்னார்க் கரையில் மெய்யாகவே இருந்தார். அவர் பெயர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுவார். அவர் கரையில் இல்லாமல் குளியாளிகள் கடலுக்குள் இறங்கமாட்டார்கள். ஆகவே அரசும் அவரை ஏற்றுக்கொண்டது. அந்த வேலை பரம்பரையாக வந்தது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட் இதை எழுதிவைத்திருக்கிறார். அவர் காலத்தில் அந்த வேலையைச் செய்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும் குறித்திருக்கிறார். டென்னென்டின் நூல் லண்டனில் அச்சானது 1859இல். ஓபரா மேடையேறியது 1863இல். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்த உண்மை, கோர்மோனும் கார்ரேயும் கட்டிய முக்காட்டுக் கன்னியைவிட எத்தனையோ மடங்கு நாடகத்தன்மை கொண்டது. ஒரு கத்தோலிக்கர், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இறங்கும் கடலைக் கட்டுகிறார். பிரித்தானிய அரசு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இப்படி ஒரு காட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எவரும் எடுக்கவில்லை.

கற்பனையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாட்டை நம் மக்கள் அல்லிராணிக் கோட்டை என்றுதான் சொல்லிவருகிறார்கள். ஆங்கில ஆளுநரின் வீட்டை நம் கதைகளில் வரும் ஓர் அரசிக்குக் கொடுத்தவர்கள் நாம். கற்பனையில் நாமும் குறைந்தவர்கள் இல்லை. ஓபராவின் கதையில் என் குறை, அது உழைப்பை மறைத்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதே.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் குற்றத்தில் பிஸேயின் பங்கு எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் யார் என்று தெரிய வேண்டும்.

அவர் 1838 ஒக்டோபர் 25 அன்று பரிஸில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலிலும் பொய்முடி செய்யும் தொழிலிலும் இருந்து, பிறகு பாட்டு வாத்தியாரானவர். தாய் பியானோ வாசிப்பவர். பத்து வயது நிறையுமுன்பே கொன்சர்வத்துவார் இசைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினேழு வயதில் ஒரு சிம்பொனி எழுதினார். அது எங்கோ ஒரு கட்டில் கிடந்து, 1935இல்தான் பாசல் நகரில் முதல்தடவை வாசிக்கப்பட்டது. எழுதியவர் அதை ஒருநாளும் கேட்கவில்லை. 1857இல் ரோம் பரிசு வாங்கி இத்தாலி போய்வந்தார். பரிசு வாங்கி ஊர் திரும்பியவருக்கு பரிஸில் காத்திருந்தது வேலையில்லாமைதான். பெரிய ஓபரா அரங்குகள் புதியவர்களுக்குக் கதவைத் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுத்தும், பதிப்பாளர்களுக்காக மற்றவர்களின் ஓபராக்களை பியானோவுக்கு மாற்றி எழுதியும், அச்சுப்பிழை பார்த்தும்தான் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. உங்கள் வீட்டில் ‘இசை சோறு போடுமா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி பிஸேயை ஒரு நாளும் விட்டதில்லை.

‘முத்துக் குளிப்போர்’ அவருக்குக் கிடைத்ததும் ஓர் அரசாணையின் பயனாகத்தான். தெஆத்ர் லிரிக் அரங்கின் இயக்குநர் லெயோன் கார்வாலோவுக்கு அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் பிராங்க் மானியம் கொடுத்தது. ரோம் பரிசு பெற்றும் மேடை காணாத ஒருவரின் மூன்று அங்க ஓபராவை ஆண்டுக்கொன்று போட வேண்டும் என்பது நிபந்தனை. 1863 ஏப்ரலில் கார்வாலோ பிஸேயை அழைத்தார். செப்டெம்பர் 30 அன்று திரை எழுந்தது. இடையில் கிடைத்தது ஏறக்குறைய ஐந்து மாதம். கதையைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அந்த இளைஞர் இல்லை. ‘இலங்கை வேண்டாம், வேறு கதை தாருங்கள்’ என்றால் அந்த வாய்ப்பு அடுத்தவருக்குப் போயிருக்கும். பிஸேயின் திறமை இவ்வளவு என்று முன்பே தெரிந்திருந்தால் நல்ல கதையாகக் கொடுத்திருப்போம் என்று கதாசிரியர்களில் ஒருவர் பிறகு சொன்னதாகப் பேச்சு உண்டு. அது உண்மையோ இல்லையோ, கதையின் தரத்தை அப்படியே சொல்லிவிடுகிறது.

முதல் இரவு முடிந்து கூட்டம் கூப்பிட, பிஸே மேடைக்கு வந்து வணங்கினார். அதையே குற்றமாக எழுதினார்கள் விமர்சகர்கள். பெரும்பாலானவர்கள் இசையையும் குறை சொன்னார்கள். பாராட்டி எழுதியவர் எக்டோர் பெர்லியோஸ். தான் எழுதிவந்த நாளிதழில் அவர் எழுதிய கடைசி விமர்சனமும் அதுவே. பதினெட்டு தடவை மேடையேறியபின் ஓபரா நின்றது. பிஸே உயிரோடு இருந்தவரை மறுபடி அது மேடை காணவில்லை.

இனி இசைக்கு வருவோம். இங்கே உங்கள் காது என் காதைவிடக் கூர்மையானது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததைத்தான் நினைவூட்டுகிறேன். முதல் அங்கத்தில் டெனரும் பாரிடோனும் பாடும் அந்த இருவர் பாட்டில், புல்லாங்குழலும் யாழும் எழுப்பும் மெட்டு எப்போது வருகிறது? இருவரும் ஒரே பெண்ணை நினைக்கும்போது. அந்த மெட்டைக் கேட்டு நட்பின் பாட்டு என்று உலகமே கொண்டாடுகிறது. ஆனால் பிஸே அதே மெட்டை ஓபரா முழுக்க லெய்லா வரும் இடங்களில் நிழலாகத் தொடரவிடுகிறார். நட்பை முறிக்கப்போவது எது என்று கதைக்கு முன்பே இசை சொல்லிவிடுகிறது. நாதீர் தனியே பாடும் பாட்டில் வயலின்கள் ஒலியடக்கி வாசிக்க, இங்கிலிஷ் ஹார்ன் அவனுக்கு முன்னே நடந்து வழிகாட்டுகிறது. குரல் தரையில் கால்படாமல் மிதக்கிறது. லெய்லாவின் இரண்டாம் அங்கப் பாட்டில் இரண்டு ஹார்ன்கள் அவள் அச்சத்துக்குத் துணை இருக்கின்றன. அந்த அங்கத்தின் முடிவில் கோரஸ் புயலைக் கண்டு நடுங்கும் இடத்தைப் பாடிப் பாருங்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களின் பயம் அதில் பொய்யாக இல்லை. பிஸேக்கு நம் கரை தெரியாது. காத்திருக்கிறவர்களின் மனம் தெரிந்திருக்கிறது.

‘கதையில் கை வைக்கக் கூடாது, அது மூலம்’ என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்லக்கூடும். மரியாதையோடு அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: எது மூலம்? பிஸே இறந்து ‘கார்மென்’ உலகப் புகழ் பெற்ற பிறகே பதிப்பாளருக்கு இந்த ஓபராவின் நினைவு வந்தது. 1886இல் மிலானில் போட்டார்கள், பிறகு பரிஸில் போட்டார்கள். அதற்காக பிஸேயைக் கேட்காமலே வெட்டினார்கள், ஒட்டினார்கள். பிஸே எழுதிய முடிவில், சுர்கா தன் மக்களின் குடிசைகளுக்குத் தீவைத்து, காதலர்களான நாதீரையும் லெய்லாவையும் தப்பவிட்டு, நடக்கப்போவதைத் தனியே எதிர்கொண்டு நிற்கிறான். பின்வந்த பதிப்புகள் அவனை மேடையிலேயே கொன்றன. அந்தப் புகழ்பெற்ற இருவர் பாட்டின் கடைசியில் பெரிய மெட்டு திரும்பி வருகிறதே, அதுகூட பிஸே செய்ததில்லை. 1863இல் அந்தப் பாட்டு வேறு விதமாகத்தான் முடிந்தது. அவர் கைப்பட எழுதிய வாத்தியக்குழு ஸ்கோர் தொலைந்துவிட்டது. 1863இல் அச்சான பியானோ ஸ்கோரையும் எஞ்சிய மற்றத் தாள்களையும் வைத்துத்தான் 1970களிலிருந்து ஆய்வாளர்கள் பழைய வடிவத்தை மீட்டு வருகிறார்கள். பதிப்பாளர் வியாபாரத்துக்காக மாற்றலாம், அந்தக் கரையின் பிள்ளைகள் உண்மைக்காக ஒரு சொல்கூடக் கேட்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

உழைப்பை மறைத்த அந்தக் குறையை பிஸே உணர்ந்தவராகவே வளர்ந்தார் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று உண்டு. அது ‘கார்மென்’. 1863இல் அவருடைய மேடையில் உழைப்பாளிகள் இருந்தும் உழைப்பு இல்லை. 1875 மார்ச் 3 அன்று ஓபரா-கொமிக்கில் திரை எழுந்தபோது, செவில்லா நகரின் சுருட்டுத் தொழிற்சாலை மணி அடிக்க, வேலை செய்யும் பெண்கள் புகைபிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள், சண்டை போட்டார்கள். கோரஸில் பாடிய பெண்கள் ‘புகைத்துக்கொண்டு, நடமாடிக்கொண்டு எங்களால் பாட முடியாது’ என்று முறையிட்டார்கள். குடும்பங்கள் பெண்பார்க்கும் சாக்கில் வந்து உட்காரும் அரங்கு அது. மேடையில் ஒரு பெண் கொலையுண்பதா என்று பதறிய கூட்டு இயக்குநர் அடோல்ஃப் த லெவன் ஏற்கெனவே பதவி விலகியிருந்தார். பிஸே விட்டுக்கொடுக்கவில்லை. கார்மெனாகப் பாடிய செலெஸ்தீன் கல்லி-மரியே மனநிறைவு அடையும்வரை அவள் நுழைவுப் பாட்டைத் திரும்பத் திரும்ப எழுதினார். அந்த மெட்டு நாட்டுப்பாடல் என்று எண்ணி எடுத்தாண்டார். அது செபாஸ்தியான் இராதியேர் என்பவர் இயற்றியது என்று அறிந்ததும் அச்சான ஸ்கோரிலேயே குறிப்புப் போட்டார்.

ஸ்பெயினையும் அவர் பார்த்ததில்லை. அங்கேயும் பிழைகள் உண்டு. கார்மெனின் இனத்தவரான ரோமா மக்களைக் களவும் கத்தியும் மந்திரமுமாகக் காட்டியது அவர்களுக்கு இன்றும் ஆறாத குறை. ஆனாலும் இலங்கைக் கதையிலிருந்து செவில்லாக் கதைக்கு அவர் வந்த தூரத்தைப் பாருங்கள். மூன்றே மாதத்தில், 1875 ஜூன் 3 அன்று, பூழிவால் என்ற ஊரில் மாரடைப்பில் இறந்தார். வயது முப்பத்தாறு. ‘கார்மென்’ தோற்றதால் நெஞ்சுடைந்து செத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். இளமையிலிருந்தே தொண்டை நோயால் அவதிப்பட்டவர். சேன் நதியில் குளித்தபின் வாதக் காய்ச்சல் கண்டு, இதயம் தாக்குண்டு இறந்தார். ‘கார்மென்’ அதற்குள் முப்பது தடவைக்கு மேல் மேடையேறியிருந்தது. அவரிடம் இல்லாமல் போனது நாள்கள். இன்னும் முப்பது ஆண்டு இருந்திருந்தால் தன் முதல் பெரிய ஓபராவுக்குத் திரும்பியிருப்பாரா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த வேலை மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

‘கார்மென்’ விஷயத்தில் அந்த மிச்ச வேலையை மற்றவர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். மாட்ரிட்டில் பிறந்த தெரேசா பெர்கான்சா 1977இல் எடின்பரோ விழாவில் கார்மென் பாடியபோது, இடுப்பை ஒடித்து ஆடும் வழக்கமான ஸ்பானியப் பொம்மையாக நிற்க மறுத்தார். ஓபராவுக்கு மூலமான, மெரிமே எழுதிய கதையைப் படித்து, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் பெண்ணாக அவளைப் பாடினார். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை அடுத்த கயலிட்சாவில், ‘கார்மென்’ முழுவதையும் கோசா மொழியில் மாற்றி, தங்கள் தெருக்களிலேயே படமாக எடுத்தார்கள். பாலின் மலஃபானே கார்மெனாகப் பாடினார், மொழிமாற்றத்திலும் பங்கெடுத்தார். அந்தப் படம் 2005இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. பிஸேயின் சுரம் அப்படியே இருக்க, அந்த ஊரின் வாழ்க்கை அதற்குள் வந்து உட்கார்ந்தது. அவர்கள் ஓபராவைத் தடைசெய்யச் சொல்லவில்லை. தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை. தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

‘எங்கள் தலைமுறைக்கும் மன்னாருக்கும் என்ன தொடர்பு? நாங்கள் அந்தக் கரையைப் பார்த்ததே இல்லை’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். பிறப்பால் எவருக்கும் அறிவு வந்துவிடாது. நீங்கள் போய்க் கேட்க வேண்டும், படிக்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு உங்களுக்கு மொழி இருக்கிறது, கேட்டால் சொல்ல உறவு இருக்கிறது. இந்த ஓபராவை மேடையேற்றும் வேறு எந்த அரங்குக்கும் இது வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பிஸேயைக் குறைசொல்லும் தகுதியை இழப்பேன். ‘நம் கடல்’ என்று வாய்நிறையச் சொல்லும்போது அந்த ‘நாம்’ யார் என்று யோசியுங்கள். பரதவரும் முஸ்லிம்களும் அருகருகே கல்லோடு இறங்கிய கடல் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது சிலாவத்துறையைச் சூழ்ந்த ஊர்களும் காலியாயின. வெளியேற்றப்பட்டவர்களின் முன்னோர் குளித்த கடலை அவர்கள் பெயரை விட்டுவிட்டு நாம் பாடினால், கோர்மோனும் கார்ரேயும் செய்த அதே மறைப்பை நாமும் செய்தவர்கள் ஆவோம். அவர்களாவது தெரியாமல் செய்தார்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள்களை வரிசையாகவே வைக்கிறேன்.

உங்கள் கல்லூரியில் இந்த ஓபராவின் ஒரு பாட்டைப் பாடக் கொடுத்தால் மறுக்காதீர்கள். எந்தப் பதிப்பிலிருந்து கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 1863இன் வடிவத்தைத் தேடி எடுத்துப் பாடுங்கள்.

உங்கள் ஊர் அரங்கு இதை மேடையேற்றப் போகிறது என்று அறிந்தால், நிகழ்ச்சிக் கையேட்டில் ஒரு பக்கம் கேட்டு எழுதுங்கள். அதில் அரிப்பைப் பற்றியும், கல்லையும் கயிற்றையும் பற்றியும், கடல்கட்டியைப் பற்றியும், ஏலத்தைப் பற்றியும் இருக்கட்டும். இயக்குநருக்கு அது உதவாது என்று நினைக்காதீர்கள். வெறும் பனை ஓலையும் மஞ்சள் விளக்கும் வைத்து இலங்கை என்று காட்டிச் சலித்துப்போன இயக்குநர்களுக்கு உங்களிடம் இருப்பது பெரும் புதையல்.

மூன்றாவதுதான் முக்கியமானது. நீங்கள் ஒன்றுசேர்ந்து இந்த ஓபராவைத் தமிழில் பாடுங்கள். முழுவதையும் உடனே செய்யச் சொல்லவில்லை. ஓர் அங்கத்தில் தொடங்குங்கள். ஒரு பியானோவும் நான்கு குரலும் சின்னதாக ஒரு கோரஸும் போதும். பிஸேயும் கதாசிரியர்களும் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 1863இன் பியானோ ஸ்கோருக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுரத்தில் கை வைக்காதீர்கள். சொல்லை மாற்றுங்கள், பெயரை மாற்றுங்கள், பிரம்மாவை இறக்கிவிட்டு அந்தக் கரையில் மெய்யாக வணங்கப்பட்டவர்களை வேண்டுங்கள். கோரஸ் கடலில் இறங்கட்டும். லெய்லாவைக் கடல்கட்டியின் மகளாக்கினால் அவள் பாறைமேல் நிற்பதற்குக் காரணமும் கிடைக்கும், அவள் சத்தியத்துக்குப் பாரமும் கூடும். தமிழ்ச் சொற்களை அந்த மெட்டுகளுக்கு எப்படிப் பொருத்துவது என்று தெரிந்த கவிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வேலை வாங்குங்கள். முதல் நிகழ்ச்சிக்கு பரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடைக்காரர்களையும் அழையுங்கள், மன்னாரிலிருந்து வந்த முதியவர்களையும் அழையுங்கள், முஸ்லிம் நண்பர்களையும் அழையுங்கள், உங்கள் பிரெஞ்சு ஆசிரியர்களையும் அழையுங்கள். பிழை இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையைப் பரீட்சைக்கும் போட்டிக்கும் மட்டும் வாசிக்க அனுப்பாதீர்கள். இப்படி ஒரு முயற்சிக்கு மண்டபம் பிடித்துக் கொடுங்கள், நாலு பேரைக் கூட்டி வாருங்கள்.

பிஸேயை வெறுப்பதும் எளிது, வணங்குவதும் எளிது. இரண்டையும் விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். தனக்குக் கிடைத்த மோசமான கதைக்கு அவர் தன்னால் முடிந்த சிறந்த இசையைக் கொடுத்துவிட்டார். அந்த இசைக்கு ஏற்ற கதையைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. இந்த ஆண்டே தொடங்குங்கள்.

உங்கள் குரலைக் கேட்க விரும்பும்,
உங்களில் மூத்த ஒருவர்